டான்க்ரேடோ நேவிஸ்: சின்ன ஊர் வக்கீல், இரண்டு முறை அமைச்சரவையில், பதவியேற்காமலே போன அதிபர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த டான்க்ரேடோ நேவிஸ்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிரேசில்காரர். சொந்த ஊரில் வக்கீல், நகர்மன்ற உறுப்பினர், அப்புறம் மாநிலச் சட்டமன்றம், நாடாளுமன்றம், நீதி அமைச்சர், பிரதமர், செனட்டர், மாநில ஆளுநர். கடைசியாக 1985 ஜனவரியில் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியேற்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. 1964-இல் தொடங்கிய ராணுவ ஆட்சி 21 ஆண்டுகள் கழித்து முடிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிரேசில் அரசியலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற ஆள் இவர்தான். அதனால் எல்லாப் பதில்களும் ஒரே அளவில் இருக்காது.

எந்த ஊர்?

மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் சாவோ ஜுவாவோ டெல் ரே. 1910 மார்ச் 4 அன்று பிறந்தார், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். தங்கம் தோண்டிய காலத்தில் எழும்பிய பழைய ஊர் அது, திரும்பின பக்கமெல்லாம் தேவாலயம். மணி அடிக்கிற விதத்தை வைத்தே யார் இறந்தார், எந்தத் திருவிழா, யார் பூசை வைக்கிறார் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்களாம். 'மணிகள் பேசும் ஊர்' என்றே அதற்குப் பெயர். டான்க்ரேடோவைப் பற்றி எழுதும்போது மினாஸ்காரர்களின் குணத்தைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை: அதிகம் பேசமாட்டார்கள், அவசரப்படமாட்டார்கள், எதிராளி முழுதாகப் பேசி முடிக்கும் வரை காத்திருப்பார்கள் என்று. எல்லா மினாஸ்காரரும் அப்படியா என்பது வேறு விஷயம். இவர் அப்படித்தான் இருந்தார்.

வக்கீலாக உண்மையிலேயே தொழில் செய்தாரா, அல்லது பட்டம் மட்டும்தானா?

தொழில் செய்தார். 1932-இல் பெலோ ஹொரிசோன்டேயில் சட்டப் படிப்பை முடித்தார். அந்த மாநிலத் தலைநகரிலேயே தங்கியிருக்கலாம், ஆனால் ஊருக்குத் திரும்பினார். கொஞ்ச காலம் அரசுத் தரப்பு வழக்கறிஞர், பிறகு சொந்தத் தொழில். அவரிடம் வந்த கட்சிக்காரர்களில் முக்கியமானவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். அந்த ஊரின் வழியாகப் போனது 'மேற்கு மினாஸ் ரயில் பாதை'. 1881-இல் திறக்கப்பட்டது, தண்டவாளத்தின் அகலம் வெறும் 76 சென்டிமீட்டர். ஊரின் பாதி வாழ்க்கை அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் இருந்தது. அந்தத் தொழிலாளர் சங்கத்துக்காக வாதாடிய இளம் வக்கீல் இவர்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றிலும் எனக்கு அந்த வக்கீல்தான் தெரிகிறார். சின்ன ஊர் வக்கீலுக்கு ஒன்று தெரியும்: இன்றைக்குக் கோர்ட்டில் எதிரே நிற்கிற ஆளை நாளைக்குக் கடைத்தெருவில் பார்க்க வேண்டும். கட்சிக்காரருக்கு முழு நியாயம் கிடைக்காது என்று தெரிந்தால் கிடைக்கிற நியாயத்தையாவது வாங்கிக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் சமரசம் பேசவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அரசியலுக்கு எப்போது வந்தார்?

1935-இல், 25 வயதில், ஊர் நகர்மன்றத்துக்கு. 1937 நவம்பரில் அதிபர் ஜெட்டூலியோ வார்காஸ் நாடாளுமன்றத்தையும் மற்ற எல்லா மன்றங்களையும் கலைத்துவிட்டுச் சர்வாதிகாரம் செய்ய ஆரம்பித்தார், இவருடைய பதவியும் போனது. மறுபடி கறுப்பு அங்கி. 1938-இல் ரிசொலேட்டாவுடன் திருமணம். வார்காஸ் 1945-இல் பதவியிலிருந்து இறக்கப்பட்ட பிறகுதான் திரும்பவும் தேர்தல். 1947-இல் மாநிலச் சட்டமன்றம், 1950-இல் நாடாளுமன்றம், இரண்டும் சமூக ஜனநாயகக் கட்சி சார்பில்.

தன் பதவியைப் பறித்த வார்காஸிடமே போய் அமைச்சராகச் சேர்ந்தாரே, அது சரியா?

நியாயமான கேள்வி. 1937-இல் வார்காஸ் சர்வாதிகாரி. 1950-இல் அதே மனிதர் மக்கள் ஓட்டில் ஜெயித்துத் திரும்பி வந்தார். 1953 ஜூனில் டான்க்ரேடோவை நீதி அமைச்சராக்கினார், அப்போது இவருக்கு 43 வயது. ஓட்டு வாங்கி வந்தவர் அதிபர், அவ்வளவுதான் என்பது இவர் எடுத்த நிலை. அந்த நிலைக்கு அவர் கொடுத்த விலையைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

1954 ஆகஸ்டில் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 5 அதிகாலை, ரியோவில் டொனலேரோ தெருவில் துப்பாக்கிச் சூடு. வார்காஸை நாள்தோறும் கிழித்து எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் கார்லோஸ் லசெர்டாவைக் குறிவைத்தார்கள். அவர் காயத்தோடு தப்பினார், கூட இருந்த விமானப்படை மேஜர் ரூபென்ஸ் வாஸ் செத்துப்போனார். விசாரணை அதிபரின் மெய்க்காவலர் தலைவர் கிரெகோரியோ ஃபோர்ட்டுனாட்டோவிடம் போய் நின்றது. விமானப்படை தானே விசாரணையைக் கையில் எடுத்துக்கொண்டு கலியாவோ விமானத் தளத்தில் தனி அரசு மாதிரி நடத்தியது. நாட்டின் நீதி அமைச்சர் இவர். ஆனால் அந்த விசாரணையில் இவர் சொல் எடுபடவில்லை.

ஆகஸ்ட் 23 இரவு அதிபரின் கட்டேட்டே மாளிகையில் அமைச்சரவை கூடியது. தளபதிகள் அதிபர் விலக வேண்டும் என்கிறார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பலர் பட்டும் படாமலும் பேசினார்கள். எதிர்த்து நிற்க வேண்டும் என்று சொன்ன மிகச் சிலரில் இவர் ஒருவர். கடைசியில் அதிபர் தற்காலிகமாக விடுப்பில் போவது என்று முடிவானது. அன்றிரவு வார்காஸ் தன் பேனாவை எடுத்து இவரிடம் நினைவாகக் கொடுத்த கதை பிரேசிலில் பலருக்கும் தெரியும். விடிந்தபோது, விடுப்பு என்பது பேச்சுக்குத்தான், இனி திரும்பி வர விடமாட்டார்கள் என்று செய்தி வந்தது. காலை எட்டரை மணி வாக்கில் வார்காஸ் தன் படுக்கையறையில் நெஞ்சில் சுட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு அந்த அறைக்கு ஓடியவர்களில் டான்க்ரேடோவும் உண்டு.

பிறகு வார்காஸின் சொந்த ஊரான சாவோ போர்ஜாவில் அடக்கம். தோற்றுப்போன அரசின் அமைச்சர், நாளை என்ன ஆகும் என்று தெரியாத நேரம், அந்தக் குழியருகே நின்று பேசினார்.

பிரேசிலில் பிரதமர் பதவியே கிடையாதே, இவர் எப்படிப் பிரதமர் ஆனார்?

பதினாறு மாதங்களுக்கும் சற்றே அதிகமாக இருந்தது. 1961 ஆகஸ்ட் 25 அன்று அதிபர் ஜானியோ குவாட்ரோஸ் திடீரென்று ராஜினாமா செய்தார். துணை அதிபர் ஜோவாவோ கூலார், மக்கள் வாயில் 'ஜாங்கோ', அப்போது சீனாவில் அரசுமுறைப் பயணத்தில். அவர் இடதுசாரி, வந்தால் பதவியேற்க விடமாட்டோம் என்று முப்படை அமைச்சர்கள் சொல்லிவிட்டார்கள். தெற்கே ரியோ கிராண்டே டு சுல் ஆளுநர் லியோனெல் பிரிசோலா வானொலியில் மக்களைத் திரட்டினார், அங்கிருந்த ராணுவப் பிரிவும் அவர் பக்கம் வந்தது. உள்நாட்டுப் போர் வாசலில் நின்றது.

அப்போது நாடாளுமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது: ஜாங்கோ அதிபராகட்டும், ஆனால் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிரதமரிடம் இருக்கட்டும். உருகுவேயின் மொண்டவிடேயோ வரை வந்து காத்திருந்த ஜாங்கோவிடம் இதைச் சொல்லிச் சம்மதிக்க வைக்க விமானம் ஏறியவர் டான்க்ரேடோ. எவ்வளவு கசப்பான பேச்சாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்குச் சட்டப்படி முழுசாகச் சேர வேண்டிய பதவியைப் பாதியாக வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் ஓடும் என்று நண்பரிடம் சொல்ல வேண்டும். பிரிசோலாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவேயில்லை. செப்டம்பர் 7 அன்று ஜாங்கோ பதவியேற்றார், மறுநாள் டான்க்ரேடோ பிரதமர்.

எதிரெதிர்க் கட்சிகள் எல்லாம் சேர்ந்த அமைச்சரவை. சோவியத் ஒன்றியத்துடன் அறுந்திருந்த உறவு 1961 நவம்பரில் மறுபடி தொடங்கியது இந்த அமைச்சரவை காலத்தில்தான். 1962 ஜூலையில், அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்பதற்காக விலகினார். 1963 ஜனவரியில் மக்கள் வாக்கெடுப்பில் பழைய அதிபர் முறையே ஜெயித்துவிட்டது, பிரதமர் பதவி மறைந்தது.

"கயவனே!" என்று நாடாளுமன்றத்தில் கத்தியது இவரா?

இவரேதான். அவ்வளவு அடக்கமான மனிதர் கத்தியதால்தான் அது இன்றும் பேசப்படுகிறது. 1964 ஏப்ரல் 2 நள்ளிரவு தாண்டிய நேரம், பிரசிலியா. ஆட்சியைக் கவிழ்க்க ராணுவம் புறப்பட்டுவிட்டது. அதிபர் ஜாங்கோ ரியோ கிராண்டே டு சுல் மாநிலத்தில், அதாவது பிரேசில் மண்ணில்தான் இருக்கிறார் என்ற கடிதம் அவையில் படிக்கப்பட்டது. அதைக் கேட்ட பிறகும் நாடாளுமன்றத் தலைவர் ஆவ்ரோ டி மோரா அன்ட்ராடே 'அதிபர் பதவி காலியாகிவிட்டது' என்று அறிவித்து, ஒலிவாங்கியை அணைத்து, கூட்டத்தை முடித்தார். அந்தக் கூச்சலுக்கு நடுவே டான்க்ரேடோவின் குரல்: "கனாலியா! கனாலியா!" கயவன் என்று அர்த்தம். ஒலிப்பதிவில் இன்றும் கேட்கலாம்.

சட்டம் படித்தவன் கோபம் அது. அரசியல் தோல்வி அவரைக் கத்த வைக்கவில்லை, அத்தனை பேர் முன்னால் ஒரு பொய் சட்டமாக எழுதப்பட்டதுதான் கத்த வைத்தது. 2013-இல், கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் கழித்து, அந்தக் கூட்டமே செல்லாது என்று பிரேசில் நாடாளுமன்றம் அறிவித்தது.

இன்னொன்றும் உண்டு. ஒன்பது நாள் கழித்து ஜெனரல் காஸ்டெலோ பிராங்கோவை அதிபராக்க நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டபோது இவருடைய கட்சியின் பெருந்தலைவர் ஜுசெலினோ குபிச்செக்கே ஆதரித்து ஓட்டுப் போட்டார். இவர் போடவில்லை. அந்த ஆதரவு குபிச்செக்கைக் காப்பாற்றவும் இல்லை, இரண்டே மாதத்தில் அவருடைய அரசியல் உரிமையைப் பறித்துவிட்டார்கள்.

ராணுவ ஆட்சிக் காலம் முழுக்க என்ன செய்தார்? வெளிநாடு போனாரா?

போகவில்லை. பழைய கட்சிகளைக் கலைத்து அரசு இரண்டே கட்சிகளை அனுமதித்தபோது எதிர்க்கட்சியான பிரேசில் ஜனநாயக இயக்கத்தில் சேர்ந்தார். நாடாளுமன்றம் இழுத்து மூடப்பட்டது, திறக்கப்பட்டது, இவர் அதே இருக்கையில் தேர்தலுக்குத் தேர்தல் வந்து உட்கார்ந்தார். இளைஞர்கள் பலருக்கு அப்போது அவர் மேல் மரியாதை இல்லை, வேகம் இல்லாத பழைய ஆள் என்று நினைத்தார்கள். 1978-இல் செனட்டர். அப்புறம், 1960 ஆளுநர் தேர்தலில் தன்னைத் தோற்கடித்த மகல்யாயிஸ் பிண்டோவுடனேயே சேர்ந்து மக்கள் கட்சி என்று ஒன்று தொடங்கினார். அரசு தேர்தல் விதிகளை மாற்றி அதன் கழுத்தை நெரித்ததும் அதைக் கொண்டுபோய் எதிர்க்கட்சியோடு இணைத்துவிட்டார். 1982-இல் மினாஸ் ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டில் வந்து மாநிலத்தை ஆள்பவர். பதவியேற்ற அன்று, மினாஸின் முதல் கடமை சுதந்திரத்துக்கே என்று சொன்னார்.

மக்கள் கேட்டது நேரடித் தேர்தல். இவர் போய் ராணுவம் வைத்த மறைமுகத் தேர்தலில் நின்றது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது.

1984-இன் தொடக்கத்தில் 'டிரேட்டாஸ் ஜா', அதாவது 'இப்போதே நேரடித் தேர்தல்' என்ற முழக்கத்தோடு லட்சக்கணக்கில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 10 அன்று ரியோவில் கண்டலேரியா தேவாலயத்தின் முன் கூடிய கூட்டம் பத்து லட்சம் என்று கணக்கிட்டார்கள். அந்த மேடையில் 90 வயது வக்கீல் சோப்ரால் பிண்டோ ஏறி, எல்லா அதிகாரமும் மக்களிடமிருந்தே வருகிறது என்ற அரசியல் சட்ட வரியைச் சொன்னார். டான்க்ரேடோவும் இந்தக் கூட்டங்களில் மேடையேறினார். ஏப்ரல் 25 அன்று நேரடித் தேர்தலுக்கான அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு வந்தது. தேவை 320, கிடைத்தது 298. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அவைக்கே வரவில்லை. 22 ஓட்டில் தோற்றது.

இப்போது என்ன செய்வது? புறக்கணித்தால் 686 பேர் கொண்ட தேர்வு மன்றம் ஆளுங்கட்சியின் பாவுலோ மலூஃபைத் தேர்ந்தெடுக்கும், ஆட்சி தொடரும். தொழிலாளர் கட்சி புறக்கணிப்பே கொள்கை என்றது. ஓட்டுப் போட முடிவெடுத்த அவர்களுடைய மூன்று எம்.பி.க்கள் கட்சியை விட்டே போக வேண்டியதாயிற்று. அந்தக் கட்சியின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் டான்க்ரேடோ பார்த்த விதம் வக்கீல் பார்க்கிற விதம்: இந்தக் கோர்ட்டை அமைத்தது எதிராளிதான், நீதிபதிகளும் அவன் ஆட்கள்தான், ஆனால் என் கட்சிக்காரனுக்கு வேறு கோர்ட் இல்லை, இங்கேயே ஜெயிக்க முடியுமா? மலூஃப் மேல் வெறுப்பில் இருந்த ஆளுங்கட்சித் தலைவர்களை ஒவ்வொருவராகப் பேசி இழுத்தார். கட்சி கட்டளையை மீறிப் போடுகிற ஓட்டு செல்லுமா என்ற கேள்விக்கு, செல்லும் என்று உயர் தேர்தல் நீதிமன்றம் சொன்னது. அங்கேயே மலூஃபின் கதை முடிந்தது.

1985 ஜனவரி 15: டான்க்ரேடோ 480, மலூஃப் 180. அன்றைய உரையில், இதுவே இந்த நாட்டின் கடைசி மறைமுகத் தேர்தல் என்றார். "நாம் கலைந்து போகக் கூடாது" என்றும் சொன்னார். 1964-இல் அவர் கத்தியதும் ஓட்டுப் போட மறுத்ததும் இல்லாமல் இருந்திருந்தால், இந்தச் சமரசத்தை மக்கள் நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜோசே சார்னே எப்படித் துணை அதிபர் ஆனார்? அவர் ராணுவத்தின் கட்சித் தலைவர்தானே?

ஆமாம், 1984 வரை ஆளுங்கட்சிக்கே தலைவர். அங்கிருந்து உடைந்து வந்தவர்களின் ஓட்டு வேண்டும் என்றால் ஓர் இடம் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். துணை அதிபர்தானே என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பதவியேற்புக்கு முந்தின நாள் என்ன ஆனது?

சில வாரங்களாகவே வயிற்று வலி, காய்ச்சல். வெளியே தெரிந்தால் ராணுவத்தில் சிலர் அதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தார். மார்ச் 15 பதவியேற்பு. அதுவரை மாத்திரையோடு சமாளித்து, ஏற்றுக்கொண்ட பிறகு அறுவைச் சிகிச்சை என்பது அவர் கணக்கு. 14-ஆம் தேதி மாலை பிரசிலியாவில் டோம் பாஸ்கோ தேவாலயத்தில் நன்றிப் பூசை, அதில் கலந்துகொண்டார். அன்றிரவு வலி தாங்க முடியாமல் ஆஸ்பத்திரி, நள்ளிரவு தாண்டி அறுவைச் சிகிச்சை.

அந்த இரவிலேயே சட்டக் குழப்பம். அதிபரே பதவியேற்கவில்லை, அப்படியிருக்கத் துணை அதிபர் ஏற்கலாமா, அல்லது நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் உலிசெஸ் கிமராயிஸ் ஏற்க வேண்டுமா? ராணுவத்தை முன்னின்று எதிர்த்த உலிசெஸ், சார்னேயே ஏற்கட்டும் என்று ஒதுங்கினார். தன் வாழ்நாள் ஆசையை அந்த ராத்திரியில் விட்டுக்கொடுத்த மனிதர், இவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். காலையில் சார்னே பொறுப்பேற்றார். விலகிப் போகும் ஜெனரல் ஃபிகெய்ரேடோ, சார்னேயின் தோளில் பதவிப் பட்டையை மாட்ட மறுத்து மாளிகையின் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்.

மொத்தம் ஏழு அறுவைச் சிகிச்சைகள். மார்ச் 25 அன்று மருத்துவர்கள் சூழ, மனைவி பக்கத்தில், சோபாவில் உட்கார்ந்து அவர் சிரிக்கிற படம் வெளியானது. நாடு மூச்சு விட்டது. மறுநாளே ரத்தப்போக்கு, சாவோ பாவுலோவுக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரல் 21 இரவு இறந்தார், வயது 75. போர்ச்சுகலை எதிர்த்ததற்காக 1792-இல் தூக்கிலிடப்பட்ட டிராடென்டெஸின் நினைவு நாள் அது, அவரும் அதே வட்டாரத்துக்காரர்.

பெலோ ஹொரிசோன்டேயில் உடலைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் உயிர்களே போயின. மாளிகை மாடத்தில் வந்து நின்று அந்தக் கூட்டத்தை அமைதிப்படுத்தியவர் ரிசொலேட்டா. கணவர் இறந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

சித்திரவதை செய்தவர்கள் தண்டிக்கப்படாமல் போனதற்கு இவர்தான் காரணமா?

இவர் மட்டும் அல்ல, ஆனால் பங்கு உண்டு. 1979 பொதுமன்னிப்புச் சட்டம் ராணுவமே கொண்டுவந்தது, அது சித்திரவதை செய்தவர்களையும் காப்பாற்றியது. பழிவாங்கல் இருக்காது என்று டான்க்ரேடோ தளபதிகளுக்கு உறுதி கொடுத்துத்தான் வழியைத் திறந்தார். 2010-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2014-இல் தேசிய உண்மை ஆணையம் கொல்லப்பட்ட, காணாமல் போன 434 பேரின் பெயர்களை வெளியிட்டது. அவர்களுடைய தாய்மார்களிடம் போய் இந்தச் சமரசம் தேவைதான் என்று என்னால் சொல்ல முடியாது. வேறு வழி இருந்ததா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவரைப் பிடித்திருக்கிறது என்பதற்காக இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அவர் நினைத்தது பிறகு நடந்ததா?

பெரும்பாலும். அவர் தேர்ந்தெடுத்து வைத்த அமைச்சர்களையே சார்னே நியமித்தார். 1985 மே மாதமே நேரடி அதிபர் தேர்தல் சட்டமானது, எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. 1988 அக்டோபர் 5 அன்று புதிய அரசியல் சட்டம், அதை எழுதிய அவைக்குத் தலைவர் உலிசெஸ். 1989-இல் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதிபர்கள் பட்டியலில் இவர் பெயர் உண்டா?

உண்டு. பதவியேற்கும் முன் இறந்தாலும் அதிபர்கள் வரிசையில் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்று 1986-இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

ஏசியோ நேவிஸ் இவருக்கு உறவா?

மகள் வழிப் பேரன். மினாஸ் ஆளுநராக இருந்தார், 2014 அதிபர் தேர்தலில் தில்மா ரூசெஃபிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

அவருடைய ஊருக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

அசிசி பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள், ரிசொலேட்டாவும் அங்கேதான். நினைவில்லம் ஒன்றும் இருக்கிறது. நேரம் இருந்தால் ரயில் நிலையத்துக்கும் போங்கள். அவர் வாதாடிக் கொடுத்த தொழிலாளர்கள் ஓட்டிய அதே 76 சென்டிமீட்டர் பாதையில் இப்போதும் நீராவி எஞ்சின் ஓடுகிறது, சாவோ ஜுவாவோ டெல் ரேயிலிருந்து பக்கத்து ஊர் வரை சுமார் 12 கிலோமீட்டர். பக்கத்து ஊரின் பெயர் டிராடென்டெஸ்.